பச்சை அழிய எத்தனை மாதம்?

மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு ஆள் எடுக்கும்போது மருத்துவக் குழு கவனமாகப் பார்ப்பவற்றில் ஒன்று வலது கை. உள்துறை அமைச்சகத்தின் மருத்துவ நெறிமுறைப்படி பச்சை குத்தியிருப்பதே குற்றமில்லை. எங்கே குத்தியிருக்கிறது என்பதுதான் கேள்வி. சல்யூட் அடிக்காத கை என்பதால் இடது முன்கையின் உட்புறத்தில் இருக்கலாம். அதுவும் அந்த உறுப்பின் கால் பங்கு அளவைத் தாண்டக் கூடாது. சாமி உருவமோ பெயரோ இருந்தால் தடையில்லை. அதே சாமி வலது முன்கையில் குடியிருந்தால் விண்ணப்பதாரர் தகுதி இழக்கிறார். தரைப்படையில் இடம், வலம் பார்ப்பதில்லை. முன்கையின் உட்புறம், புறங்கை, இவற்றில் இருந்தால் சரி. பழங்குடிச் சமூகத்தவரின் வழக்கப்படி குத்திய பச்சைக்குத் தனி விலக்கும் உண்டு.

வட தில்லியின் முகர்ஜி நகரில் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்.எஸ்.சி.) தேர்வுகளுக்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள் சின்னச் சின்ன அறைகளில் நெருக்கியடித்துத் தங்கியிருக்கிறார்கள். ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார் ஊர்களிலிருந்து வந்தவர்கள். பதினைந்து, பதினாறு வயதில் ஊர்த் திருவிழாவில் பேட்டரி மெஷினில் ‘மா’ என்றோ ‘ஓம்’ என்றோ பெயரின் முதலெழுத்தையோ குத்திக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. எழுத்துத் தேர்வு முடிந்து, ஓட்டத்தில் தேறி, உயரமும் மார்பளவும் சரியென்று வந்து, மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி குறித்த பிறகுதான் பலர் கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

இந்தக் கை தில்லி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2022 நவம்பரில் ஒரு வழக்கு. வலது கையில் பச்சை இருந்ததால் மருத்துவக் குழுவும் மறு ஆய்வுக் குழுவும் ஒருவரை நிராகரித்திருந்தன. சிறிய லேசர் சிகிச்சையில் அகற்றிவிடுகிறேன் என்றார் அவர். அகற்றிவிட்டுப் புதிய மருத்துவக் குழு முன் நிற்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. கெடு வாரக்கணக்கில்தான். 2024இல் இன்னொரு வழக்கு, தில்லி காவல்துறையின் காவலர் பணிக்கான தேர்வு தொடர்பானது. அந்த இளைஞரின் வலது முன்கையில் இருந்த பச்சை சிகிச்சையால் மங்கியிருந்தது. நிர்வாகத் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாகச் சொல்ல, பணியாளர் தேர்வாணையம் மேல்முறையீட்டுக்கு வந்தது. நீதிபதிகள் அவரை நேரில் வரவழைத்து முன்கையைப் பார்த்தார்கள். வெறும் கண்ணுக்குப் பச்சை தெரியவில்லை என்று பதிவு செய்து தேர்வாணையத்தின் மனுவைத் தள்ளினார்கள்.

லேசர் பச்சை நீக்கம் பற்றிப் படித்த மருத்துவக் கட்டுரைகள் எல்லாவற்றையும்விட இந்த வழக்குகள்தான் விஷயத்தை நேராகச் சொல்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்று நீதிமன்றம் வைத்த அளவுகோலை லேசரால் எட்ட முடியும். ‘நூறு சதவீதம் நீக்கம்’ என்று மெட்ரோ தூண்களிலும் இன்ஸ்டாகிராமிலும் வருகிற விளம்பரத்தின் அளவுகோலை எட்டுவது பலருக்குக் கஷ்டம். வாரக்கணக்கில் கெடு வைத்து எட்டுவது யாருக்குமே ஏறக்குறைய முடியாது. மையை உடைப்பதுதான் லேசரின் வேலை. உடைந்ததை வெளியேற்றுவது உடம்பு. உடம்புக்கு அரசாங்க அறிவிக்கை படிக்கத் தெரியாது.

லேசர் மையங்களுக்கு இப்படி வேலைக்காக வருகிறவர்கள் ஒரு பகுதிதான். கல்யாணத்துக்கு முன் பழைய பெயரை எடுக்க வருகிறவர்கள், விமானப் பணிப்பெண் நேர்காணலுக்குப் போகிறவர்கள், அம்மா கையிலும் பாட்டி கையிலும் பார்த்துத் தாங்களும் குத்திக்கொண்ட கோத்னா என்ற பச்சைக் கோலம் இப்போது அலுவலகத்தில் கூச்சமாக இருக்கிறது என்பவர்கள் என்று கூட்டம் கலவையானது. செத்த பிறகும் கூட வருகிற நகை இது ஒன்றுதான் என்று வடக்கத்திப் பெண்கள் நம்பிக் குத்திக்கொண்ட அதே கோத்னாதான். நம் ஊரிலும் குறத்தி வந்து குத்திவிட்டுப் போன கோலமும் தேளும் பாட்டிமார் கைகளில் இருந்தன. அரசியலும் சேர்ந்துகொண்டது. 1970களில் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளும்படி எம்.ஜி.ஆர். தொண்டர்களுக்குச் சொன்னார், கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளை ஒட்டி வேளச்சேரியில் அவர் முகத்தை நூற்றுக்கணக்கானோர் கையில் வரிசையாகக் குத்தினார்கள். அவர்களில் எத்தனை பேர் இன்று லேசர் மையத்தைத் தேடுகிறார்கள் என்பது சுவாரசியமான கேள்வி. கட்சி மாறுவது பச்சை மாறுவதைவிடச் சுலபம்.

பச்சை ஏன் அழியாமல் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஊசி மையை மேல்தோலில் விடுவதில்லை. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவது. அதற்குக் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அடித்தோலில் மை இறங்குகிறது. அங்கே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் அதை அந்நியப் பொருளென்று விழுங்குகின்றன. விழுங்கினாலும் செரிக்க முடிவதில்லை. அந்த செல்களும் ஆயுள் முடிந்து சாகும் அல்லவா, அப்போது மை எங்கே போகிறது? 2018இல் பிரான்ஸின் மார்சேய் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளில் இதைப் பார்த்தார்கள். செத்த செல் மையைக் கக்குகிறது. பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை அப்படியே விழுங்கிக்கொள்கிறது. ஆக, பச்சை நிலையாக நிற்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே கைமாறிக்கொண்டே இருக்கிறது. லேசரால் செல்லை உடைத்தாலும் அடுத்த செல் மையை மீண்டும் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ஒரே சிட்டிங்கில் காரியம் முடிவதில்லை.

லேசரின் கணக்கை 1983இல் அமெரிக்காவின் ஆண்டர்சனும் பாரிஷும் எழுதினார்கள். ஒவ்வொரு நிறப்பொருளும் ஒவ்வொரு அலைநீளத்து ஒளியை அதிகம் உறிஞ்சும். அந்த அலைநீளத்தில், அந்தப் பொருளின் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவுவதற்குள் ஒளியை நிறுத்திவிட்டால், குறிவைத்த பொருள் மட்டும் வெடிக்கும், சுற்றியுள்ள தோல் தப்பிக்கும். மைத்துகள் மிகப் பொடியானது. அதனால் ஒளி நானோ நொடிக் கணக்கில், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டுமே, அடிக்க வேண்டும். இதைச் செய்வதுதான் கியூ-ஸ்விட்ச்டு லேசர். அறுபதுகளிலேயே லியோன் கோல்ட்மன் ரூபி லேசரைப் பச்சையில் அடித்துப் பார்த்திருந்தார். அது மருத்துவ அறைக்குள் வழக்கமாக நுழைய இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. மில்லி நொடிக் கணக்கில் அடிக்கிற முடி நீக்கும் லேசரையோ ஐ.பி.எல். என்ற ஒளித்துடிப்புக் கருவியையோ பச்சை மேல் வைத்தால் மையும் தோலும் சேர்ந்தே வேகும். இந்த வித்தியாசம் தெரியாத அழகு நிலையங்கள் தலைநகரில் குறைவில்லை.

உடைந்த துகளில் ஒரு பகுதி மேலே வரும் பொருக்கோடு உதிர்கிறது. மீதியை நிணநீர் நாளங்கள் எடுத்துச் செல்கின்றன. முழுக்க உடம்பை விட்டுப் போய்விடுகிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. பச்சை குத்தியவர்களின் நிணநீர் முடிச்சுகளில் அதே நிறம் படிந்திருப்பதை மருத்துவர்கள் வெகுகாலமாகவே பார்த்து வருகிறார்கள். 2017இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அங்கே மிக நுண்ணிய மைத்துகள்கூடச் சேர்வதைக் காட்டினார்கள். தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மை இடம் மாறுகிறது என்பதே பொருத்தமான வர்ணனை. இந்த இடமாற்றம் வாரக்கணக்கில் நடக்கிறது. சிட்டிங்குக்கும் சிட்டிங்குக்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் விடச் சொல்வது இதனால்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லும் இடத்தில் உங்களுக்கு வேகமாக அழிவதில்லை, அவர்களுக்கு வேகமாகப் பணம் சேர்கிறது.

எத்தனை சிட்டிங் என்ற கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2009இல் கிர்பி, தேசாய் என்ற மருத்துவர்களின் பெயரில் வெளிவந்த அளவுகோல் அது. ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் வருகிற எண், ஏறத்தாழ தேவைப்படும் சிட்டிங்குகளின் எண்ணிக்கை. முகர்ஜி நகர்ப் பையன் ஒருவனை மனதில் வைத்துக் கூட்டிப் பார்ப்போம். தோலின் நிறத்துக்கு ஒன்று முதல் ஆறு வரை; நம் மாநிறத்தையும் கறுப்பையும் சேர்த்தால் ஐந்து என்று வைக்கலாம். இடத்துக்கு, தலை கழுத்துப் பகுதியானால் ஒன்று, முன்கையும் கணுக்காலும் போல இதயத்தை விட்டுத் தள்ளிய இடமானால் ஐந்து. கறுப்பு மை மட்டும் என்றால் ஒன்று. திருவிழாவில் குத்தியது, மை கொஞ்சம்தான், அதற்கு ஒன்று. தழும்பு இல்லை, பூஜ்யம். ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தவில்லை, பூஜ்யம். மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டு சிட்டிங்குக்கு நடுவே பதினொரு இடைவெளி. ஆறு வாரம் என்று வைத்தாலும் அறுபத்தாறு வாரம், அதாவது ஒன்றேகால் வருஷம். அதே எழுத்து கழுத்தில் இருந்திருந்தால் எட்டு சிட்டிங்கில் முடிந்திருக்கும். ஹவுஸ் காஸ் பக்கத்து ஸ்டூடியோவில் பல நிறத்தில், மை மிதமாக இறக்கி, பழைய பச்சையை மூடிக் குத்திய முன்கைக்குக் கூட்டினால் பத்தொன்பதுக்கு வந்து நிற்கும்.

இந்தக் கணக்கு துல்லியம் இல்லை. இரண்டு மூன்று முன்பின் ஆகும். மை குறைவான நாட்டுப் பச்சை அளவுகோல் சொல்வதைவிடச் சீக்கிரமே மங்குவதும் உண்டு, கோத்னாக்காரர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் கரி என்பதால். கரி எல்லா அலைநீளத்தையும் உறிஞ்சும். லேசருக்குச் சுலபமான இரை. ஆனாலும் இந்த அளவுகோலைத் தாளில் எழுதிக் காட்டாமல் ‘மூணு நாலு சிட்டிங் போதும்’ என்று சொல்லும் மருத்துவரிடம் எழுந்து வந்துவிடுவது நல்லது.

மிலான் நகரத்து ஆய்வு ஒன்று இன்னும் கறாரானது. 2012இல் வெளியானது, 352 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தது. பத்து சிட்டிங் முடிந்தபோது வெற்றிகரமாக அழிந்தது 47.2 சதவீதத்தினருக்கு. பதினைந்து முடிந்தபோது 74.8 சதவீதம். அதாவது ஒன்றரை, இரண்டு வருஷம் பொறுமையாக வந்தவர்களிலும் நாலில் ஒருவருக்கு மிச்சம் இருந்தது. பச்சை பெரிதாக இருந்தாலோ, காலில் இருந்தாலோ, கறுப்பு சிவப்பு தவிர வேறு நிறமிருந்தாலோ, அடர்த்தியாக இருந்தாலோ, வாய்ப்பு குறைந்தது. இடைவெளியை எட்டு வாரமோ அதற்கும் குறைவாகவோ வைத்தவர்களுக்கும் குறைந்தது. எல்லாவற்றிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது புகைபிடித்தல். புகைப்பவர்களுக்குப் பத்து சிட்டிங்கில் அழியும் வாய்ப்பு வெகுவாக விழுந்தது. உடம்பின் துப்புரவு வேலையைப் புகை கெடுப்பதாக விளக்கம் சொல்கிறார்கள். லேசருக்கு ஐயாயிரம் கொடுத்துவிட்டு வாசலில் சிகரெட் பற்றவைப்பவர் அந்த ஐயாயிரத்தில் கொஞ்சத்தைப் புகையாக விடுகிறார் என்று கொள்ளலாம்.

இத்தாலியருக்கு வந்த கணக்கை நமக்கு அப்படியே எடுக்க முடியாது, தோல் வேறு. ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் தொடங்கிவைத்த தோல் நிற வகைப்பாட்டில் இந்தியர் பெரும்பாலோர் நான்காவதிலும் ஐந்தாவதிலும் வருவார்கள், தென்னாட்டவரில் ஆறாவதும் உண்டு. கறுத்த தோலின் மேலடுக்கில் மெலனின் அதிகம். லேசர் மையைத் தேடிப் போகும் வழியில் முதலில் மெலனினைத்தான் சந்திக்கிறது. அதுவும் ஒரு நிறப்பொருள்தானே. விளைவு இரண்டு விதம். அடி பட்ட இடம் கறுத்துப்போகலாம், அல்லது வெளுத்துப்போகலாம். கறுத்தது பல மாதத்தில் தானாகச் சரியாகும். வெளுத்தது திரும்ப நிறம் பிடிக்க வெகுகாலம் ஆகும், சிலருக்குப் பிடிப்பதே இல்லை. பச்சை போன இடத்தில் அதே பெயர் வெள்ளை எழுத்தில் தெரிகிற கொடுமை இப்படித்தான் வருகிறது.

நம் தோலுக்கு ஓரளவு பத்திரமான அலைநீளம் 1064 நானோமீட்டர், என்டி:யாக் லேசரின் அடிப்படை அலைநீளம். மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சும், அந்த ஒளி ஆழமாகவும் போகும். கறுப்புக்கும் கருநீலத்துக்கும் அது போதும். சிவப்புக்கு அதே கருவியின் 532 தேவை, அது மெலனினையும் கடுமையாகத் தாக்கும். பச்சை நிறத்துக்கும் வானநீலத்துக்கும் 755 அல்லது 694 வேண்டும், இவையும் கறுத்த தோலில் ஆபத்தானவை. மஞ்சள் எதற்கும் சுலபத்தில் மசியாது. ஆகவே தில்லியிலோ மதுரையிலோ ஒருவர் வண்ண வண்ணமாக மயில் குத்தியிருந்தால் கறுப்புக் கோடுகள் முதலில் போய், இறகின் நிறங்கள் அந்தரத்தில் தொங்கும் கட்டம் ஒன்று கட்டாயம் வரும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வெள்ளை, இளஞ்சிவப்பு, தோல் நிறம், புருவத்துக்குக் குத்தும் பழுப்பு, இவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ கலந்திருக்கும். லேசர் பட்ட அடுத்த நொடி இந்த ஆக்சைடுகள் வேதிமாற்றம் அடைந்து கன்னங்கரேலென்று ஆகும். உதட்டுக்கோடும் புருவமும் நிரந்தர ஒப்பனையாகக் குத்திக்கொண்ட பெண்கள் அதை எடுக்கப் போய்க் கறுத்த உதட்டோடு திரும்பிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்தக் கறுப்பை மறுபடி லேசரால் எடுக்க மாதக்கணக்கில் ஆகும். எனவே ஓரத்தில் மிளகளவு இடத்தில் சோதனையாக அடித்துப் பார்த்துவிட்டுச் சில வாரம் காத்திருந்து தொடங்குவதே முறை. சிவப்பு மை ஏற்கெனவே அரித்துத் தடித்திருந்தால் லேசரே வேண்டாம் என்பார் நல்ல மருத்துவர். ஒவ்வாமை தரும் பொருளைத் தூளாக்கி உடம்பெங்கும் அனுப்புவது வம்பு.

அறைக்குள் நடப்பது சுருக்கமான விஷயம். மரத்துப்போகும் களிம்பைத் தடவி மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். களிம்பைத் துடைத்து, புகைப்படம் எடுத்து, கண்ணுக்கு அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி மாட்டுவார்கள். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பார்வை போய்விடும் என்பது மிகையில்லை. பிறகு டப் டப்பென்று அடி. கடுகு தாளிக்கும்போது எண்ணெய் கையில் தெறித்துக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி, ஆனால் நிற்காமல். உள்ளங்கையளவுப் பச்சைக்குச் சில நிமிடங்களே பிடிக்கும். அடித்த இடம் கண்முன்னே சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். மை சூடாகும்போது கிளம்பும் நீராவிக் குமிழிகள் அவை. பத்து இருபது நிமிடத்தில் அடங்கிப் பச்சை மறுபடி முழுசாகத் தெரியும். பணம் வீண் என்று முதல்முறை வந்தவர்கள் முகம் வாடுவது அப்போதுதான். இந்த வெண்மை அடங்கும்வரை காத்து, மறுபடி அடித்து, ஒரே நாளில் நான்கு சுற்று முடிக்கும் முறையை 2012இல் கிரேக்க மருத்துவர்கள் முயன்று பார்த்தார்கள். சிட்டிங் எண்ணிக்கை குறைந்தது உண்மை. நம் தோலுக்கு நான்கு மடங்கு சூடு தாங்குமா என்பதை ஒவ்வொருவர் தோலிலும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு வீங்கும், சிவக்கும், இரண்டொரு நாளில் கொப்புளம் கிளம்பலாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. களிம்பு தடவி மூடி வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். இந்தக் கட்டத்தில் தில்லி ஒரு எதிரி. மே, ஜூனில் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் அரைக்கைச் சட்டையோடு மைதானத்தில் ஓட்டப் பயிற்சி எடுக்கிற பையனுக்குத் தோல் கறுக்காமல் இருக்க வழியில்லை. வெயிலில் கறுத்த தோலில் அடுத்த லேசர் அடித்தால் மெலனின் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு வேகும். அதனால் அக்டோபரில் தொடங்குவதே இந்த ஊருக்கு ஏற்றது. முழுக்கைச் சட்டையும் ஸ்வெட்டரும் போட்டுத் திரிகிற நான்கைந்து மாதத்தில் மூன்று சிட்டிங் பத்திரமாக முடியும். கோடையில் நிறுத்தி, இடைவெளியை நீட்டினால் நஷ்டமில்லை. உடம்பு சும்மா இருக்காது, சுமந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது கரோல் பாக் முதல் குருகிராம் வரை எல்லாப் பலகையிலும் ‘பிகோ’ என்று எழுதியிருக்கிறது. நானோவைவிட இன்னும் குறுகிய துடிப்பு, நொடியின் லட்சம் கோடியில் சில நூறு பங்கு. 2012 கடைசியில் பிகோஷ்யூர் என்ற கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததிலிருந்து இது பரவியது. துகள் இன்னும் பொடியாகும், பச்சை, நீல மைகளில் பலன் கூடுதல், சிட்டிங் குறையும். அதுவரை சரி. ஆனால் பிகோஷ்யூரின் முக்கிய அலைநீளம் 755. கறுத்த தோலுக்கு அதே மெலனின் சிக்கல். 1064இல் அடிக்கிற பிகோ கருவிகளும் வந்துவிட்டன. ஆகவே ‘பிகோ இருக்கா’ என்று கேட்பதைவிட ‘என் கையில் எந்த அலைநீளத்தில் அடிப்பீர்கள்’ என்று கேட்பதுதான் காரியம். வெறும் கறுப்பு எழுத்துக்கு, நல்ல கையில் இருக்கும் பழைய கியூ-ஸ்விட்ச்டு என்டி:யாக் போதும் என்பது என் முடிவு. கட்டணத்தில் இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் பலருக்கும் அதுவே முடிவாகும்.

லேசர் வருவதற்கு முன்பும் பச்சையை எடுத்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் ஏயீட்டியஸ் என்ற கிரேக்க மருத்துவர் உப்பைத் தேய்த்துத் தோலை உரிக்கும் முறையை எழுதிவைத்தார். அவர் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். இணையத்தில் விற்கிற ‘டாட்டூ ரிமூவல் க்ரீம்’ பலவற்றில் இருப்பது தோலைப் பொசுக்கும் அமிலம். மருத்துவப் பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது பையன்கள் அமிலத்தைத் தடவுகிறார்கள், பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைக்கிறார்கள். மை ஆழத்தில் இருப்பதால் அதை எட்டுவதற்குள் தோல் முழுவதும் போய்விடும். தழும்பு மேடிட்டு, மை அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கிர்பி தேசாய் அளவுகோலில் தழும்புக்கு ஐந்து மதிப்பெண் வரை போடுவது இதனால்தான்: முதலில் கையை வேகவைத்துவிட்டு லேசருக்கு வருகிறவன் ஐந்து சிட்டிங்கைக் கூடுதலாகத் தானே வாங்கிக்கொள்கிறான். மூன்றே நாளில் எடுத்தாக வேண்டுமென்றால், சிறிய பச்சையாக இருந்தால், அறுவை மருத்துவர் வெட்டித் தைத்துவிடுவார். நேர்க்கோட்டில் ஒரு தழும்பு மிஞ்சும். அதாவது தெரிந்தே செய்துகொள்கிற காயம்.

செலவைப் பற்றிப் பேச வேண்டும். சிட்டிங்குக்கு இவ்வளவு என்றும் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்றும் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். இரண்டிலும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வைக்க வேண்டும். சிட்டிங்குக்குச் சில ஆயிரம் என்பது கேட்க லேசாக இருக்கும், பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு வருஷத்து அறை வாடகை. மருத்துவக் காப்பீடு இதற்குக் கிடையாது. அழகுச் சிகிச்சை எல்லாப் பாலிசியிலும் விலக்கப்பட்டது. ‘எட்டு சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி’ என்ற வலையில் விழாமல், ஒவ்வொன்றாகக் கட்டுவதே புத்தி. மூன்றாவது சிட்டிங்கில் தோல் வெளுக்கத் தொடங்கினால் நிறுத்துகிற சுதந்திரம் அப்போதுதான் இருக்கும். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா போன்ற அரசு மருத்துவமனைகளில் தேர்ந்த தோல் துறைகள் உண்டு. சிகிச்சை அங்கே எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கெலாய்டு என்ற தடித்த தழும்பு வரக்கூடிய உடம்பா, பச்சையோடு மச்சம் கலந்திருக்கிறதா என்பதை அங்கே ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்வது தனியார் மையத்தில் பேரம் பேசும்போது உதவும். லேசரைப் பிடிப்பவர் தோல் மருத்துவத்தில் எம்.டி.யா, அவர் பெயர் தில்லி மருத்துவக் கவுன்சில் பதிவில் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பலகையில் மருத்துவர் பெயர் இருந்து, உள்ளே கருவியைப் பிடிப்பது வேறொருவராக இருந்தால், காசு கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.

நீல மை பற்றி ஒரு சேதி. 2015இல் பெர்லின் ஆய்வகம் ஒன்றில் நீலம் 15:3 என்ற நிறமியை ரூபி லேசரால் சுட்டபோது ஹைட்ரஜன் சயனைடும் பென்சீனும் வெளிப்பட்டன. ஆய்வுக்கூடத்துக் கரைசலில் நடந்தது, கையில் நடந்ததில்லை. பயந்து ஓட வேண்டாம். ஆனால் அதே நிறமியை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரியிலிருந்து பச்சை மையில் தடை செய்துவிட்டது. பெரிய பரப்பை ஒரே நாளில் எடுக்காமல் பகுதி பகுதியாக எடுக்கச் சொல்லும் மருத்துவர் பயந்தாங்கொள்ளி இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழுக்க அழிக்கத்தான் வேண்டுமா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். படைக்குப் போகிறவருக்கு வேறு வழியில்லை. பெயரை மறைத்தால் போதும் என்பவருக்கு இருக்கிறது. தமிழ்த் திரையின் முன்னணி நடிகை ஒருவர் கையிலிருந்த ஒரு பெயர் சில கோடுகள் கூடி நம்பிக்கை தருகிற ஆங்கிலச் சொல்லாக மாறிய கதை வாசகர்களுக்குத் தெரியும். அடர்ந்த பச்சையானாலும் மூன்று நான்கு சிட்டிங்கில் பாதி மங்கவைத்து, அதன் மேல் நல்ல கலைஞரிடம் வேறு படம் போட்டுக்கொள்வது இப்போது தில்லி ஸ்டூடியோக்களில் வழக்கமாகி வருகிறது. பத்தொன்பது சிட்டிங் நாலாகக் குறைகிறது.

படைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்வதற்கு உள்ளது தேதிக் கணக்கு மட்டும்தான். அறிவிக்கை வந்து, எழுத்துத் தேர்வும் உடல் திறன் தேர்வும் முடிந்து, மருத்துவக் குழு முன் நிற்பதற்குப் பல மாதம் ஆகிறது. அந்த மாதங்கள் கையில் இருக்கும்போது தொடங்கினால் ஐந்தாறு சிட்டிங்குக்கு இடம் உண்டு. திருவிழாவில் குத்திய கரி எழுத்து அதற்குள் பல கைகளில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிவிடும். விண்ணப்பம் போடுகிற அன்றே போய்த் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிட்டிங்கின் ரசீதையும், தேதியிட்ட புகைப்படத்தையும், சிகிச்சை நடக்கிறது என்ற மருத்துவரின் சான்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். மறு ஆய்வுக் குழு முன்போ, அதற்குப் பிறகு தீர்ப்பாயத்திலோ கை நீட்டும் நிலை வந்தால், மங்கிய கையோடு சேர்த்துக் காட்ட அந்தக் கோப்பு தேவைப்படும்.